நண்டுத்திட்டுக்கு நாலு நடை

கொஞ்சம் அந்தப் பக்கம் நகந்து உக்காருங்க தம்பி. முன்னாடி எடம் கெடக்கையில இந்த ஆளு ஏன் இங்க வந்து நெருக்குறான்னு பாக்குறீக. மூணாவது சீட்டுல ஊதாச் சேலை கட்டிக்கிட்டு ஒரு அம்மா இருக்காள்ல, அவ பக்கத்துலதான் எடம். போனேன். பையைத் தூக்கி அந்த எடத்துல வச்சுட்டா. என் பொண்டாட்டிதான். செங்கோல்மேரி. கல்யாணமாகி முப்பத்தோரு வருசம்.

ராமநாதபுரத்துல கோர்ட்டுக்கு வந்துட்டுத் திரும்பிப் போறோம். கேசு என் மேல. அவ சாட்சி. எனக்குச் சாட்சின்னு நினைச்சிராதீக. எனக்கு எதிரா.

எதுக்குன்னு கேளுங்க. நாய்க்கு.

சிரிக்கலையா? எல்லாரும் சிரிப்பாக. சரி, நீங்க கடைசி வரைக்கும் போறீகளா? அப்பச் சொல்லலாம். நான் பாலத்தைத் தாண்டி எறங்கணும். ஓலைத்துறை. என் பேரு சந்தியாகு. நாட்டு வள்ளம் ஒண்ணு வச்சிருக்கேன், சின்ன எஞ்சின் மாட்டுனது. நண்டு வலைதான் நம்ம தொழிலு.

எங்க ஊருல நாய்க்குப் பஞ்சமே கெடையாது. யாரும் வளக்குறது இல்லை, தானா வளரும். விசைப்படகு கரைக்கு வந்தா சங்காயம்னு ஒண்ணு கொட்டுவாக, விலைபோகாத பொடிமீனு. அது போக மீனு அறுத்த கொடலு, தலை, செதிலு. அதைத் தின்னுட்டு மணல்ல படுத்துக் கெடக்கும். ஒருத்தரையும் ஒண்ணும் செய்யாது. நாங்களும் ஒண்ணும் செய்யமாட்டோம். அப்படித்தான் இருந்தோம், எங்க அப்பா காலத்துல இருந்து.

ஏப்ரல் பாதியில தடைக்காலம் வருது பாருங்க, மீனு குஞ்சு பொரிக்கிற காலம்னு ரெண்டு மாசம் விசைப்படகு போகக்கூடாது. படகு போகலைன்னா கரையில கொடலு ஏது? மனுசனுக்கு அரிசி குடுக்குறாக, நிவாரணம் குடுக்குறாக. நாய்க்கு யாரு குடுப்பா? மத்த வருசம் எப்படியோ ஓடிரும். போன வருசத்துக்கு முந்துன வருசம் நாயும் கூடிப் போச்சு, வெயிலும் கூடிப் போச்சு. மூணாவது வாரமே எலும்பு தெரிய ஆரம்பிச்சிருச்சு. வலையைக் கடிச்சுத் தின்னுச்சுக தம்பி, மீனு வாசம் இருக்குன்னு. அப்புறம் கோழி. அப்புறம் வியாகுலம் வீட்டு வெள்ளாட்டுக் குட்டியை நாலஞ்சு சேந்து உசுரோட கிழிச்சுதுக. வியாகுலம் யாருன்னா என் கூட்டாளி, வள்ளத்துல பின்னாடி உக்காருற ஆளு.

எங்க வீட்டுப் பக்கம் ஒண்ணு கெடக்கும், பொட்டை நாயி. வாயி நீளமா இருக்கும், ஷீலா மீனு மாதிரி, அதனால ஷீலான்னே கூப்புடுவோம். செங்கோலு கஞ்சி ஊத்துவா. மகளைத் தூத்துக்குடியில கட்டிக் குடுத்தபெறகு வீட்டுல ஆளு இல்லை, அதுகிட்டத்தான் பேசிக்கிட்டு இருப்பா. நான் கடலுக்குப் போறப்ப ஷீலா வள்ளத்துல தாவி ஏறி முன்னணியத்துல உக்காந்துக்கும், வள்ளத்தோட மூக்குல. நண்டு வலை வளைச்சுட்டுத் திரும்புற வரைக்கும் அசையாது. எனக்கு அது மேல கோவம் ஒண்ணும் கெடையாது. இதைத்தான் ஜட்ஜம்மாகிட்டயும் சொன்னேன்.

மே மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கெழமை, சர்ச்சுல பூசை முடிஞ்சு எல்லாரும் வர்ற நேரம். கிளாட்வின் மக பிரின்சி, நாலு வயசுப் புள்ளை, கருவாடு காயப்போடுற மணல் பக்கம் போயிருக்கு. கையில முறுக்கு. ஆறு நாயி. சத்தம் கேட்டு மொத ஓடுனவன் நான்தான். நான் போறப்ப புள்ளை தரையில தெரியலை, நாயிதான் தெரிஞ்சுச்சு. ஒண்ணு முடியைப் பிடிச்சு இழுக்குது, ஒண்ணு கன்னத்தைக் கவ்விருக்கு. பக்கத்துல கெடந்த மரக்கட்டையால அடிச்சு, வாயைப் பொளந்து, புள்ளையைப் பிடுங்குனேன். இந்தா பாருங்க, முழங்கைக்குக் கீழ, இது அப்பக் கடிச்சது. புள்ளைக்கு எடது காது இல்லை. எங்கயும் தேடுனோம், இல்லை.

உசுரு இருக்கு. பொழைச்சுக்கிச்சு. மதுரையில வச்சுத் தைச்சாக. அவ அம்மா ஜெனிட்டா நிக்க முடியாம விழுந்து கெடந்தா, அதனால செங்கோலுதான் கூடப் போனா. பத்து நாளு ஆஸ்பத்திரியில இருந்தா. அதையும் நினைச்சுப் பாருங்க. அந்தப் புள்ளையை மடியில போட்டுக்கிட்டு பத்து நாளு இருந்தவதான் நாய்க்காகக் கோர்ட்டு ஏறுறா.

ஆம்புலன்ஸ் கெளம்புன உடனே கரையில ஆம்பளை எல்லாம் துடுப்பு, கட்டை, இரும்புக் கம்பின்னு எடுத்துட்டாக. பட்டப்பகல்ல. கடிச்ச நாயி எது, கடிக்காத நாயி எதுன்னு யாரும் பாக்கலை. படகுக்கு அடியில போயி ஒளிஞ்சதைக் கம்பி விட்டு வெளிய இழுத்து அடிச்சாக. மண்டையில அடிச்சா ஒரே அடி, முதுகுல அடிச்சா இழுத்துக்கிட்டே ஓடும், கத்தும். சினையா இருந்த ஒண்ணைக் கிளாட்வின் தம்பி அடிச்சதுல வயிறு கிழிஞ்சு போச்சு. பதினோரு நாயி. நான் அடிச்சது ரெண்டுதான். மூணாவது ஒண்ணு, வியாகுலம் அடிச்சது, பாதி உசுரோட கெடந்துச்சு. அதை முடிச்சு விட்டேன். அது என் கணக்குல வராது.

மறுநாளு பங்குச் சாமி வந்து ஏசுனாக. புள்ளைக்கு நடந்தது கொடுமைதான், அதுக்காக ஊரே கொலைகாரன் ஆகணுமான்னு கேட்டாக. நாயைக் கொன்னா கேசு வரும்னும் சொன்னாக. ஊர்க் கமிட்டி கூடுச்சு. தொம்மைதான் தலைவரு, விசைப்படகு ரெண்டு வச்சிருக்காரு, பேச்சு நல்லா வரும். கொல்ல வேண்டாம், கொண்டுபோயி விட்டுருவோம்னாரு. எங்கன்னா, நண்டுத்திட்டுல.

நண்டுத்திட்டு எங்க கரையில இருந்து ரெண்டு மைலு. மணல்திட்டு, கொஞ்சம் தாழை, அஞ்சாறு ஒடமரம். ஆளு கெடையாது. நல்ல தண்ணி கெடையாது. வனத்துறை எடம், நம்ம எறங்கவே கூடாது. ரெண்டு நாளைக்கு ஒருக்கத் தண்ணியும் சோறும் கொண்டுபோயி வச்சிரலாம், தடைக்காலம் முடிஞ்ச உடனே திருப்பிக் கொண்டாந்திரலாம்னு பேச்சு. எல்லாரும் சரின்னாக. விசைப்படகை எடுக்க முடியாதுல்ல, அதனால என் வள்ளம்தான்னு முடிவாச்சு. ஊருக்காகச் செய்யிறோம்னு ஒத்துக்கிட்டேன். நான் ஒரு நாயைக்கூடக் கொல்லலை தம்பி. எடம் மாத்துனேன். அவ்வளவுதான்.

பிடிக்கிறதுதான் பெரும்பாடு. அடி வாங்குன பயத்துல ஒண்ணும் கிட்ட வராது. பழைய வலையைப் போத்தி, கம்பிச் சுருக்குப் போட்டு இழுத்தோம். சுருக்கு இறுக இறுக நாக்கு வெளிய வந்து கறுத்துப் போகும். வாயை நைலான் கயிறால கட்டிக் காலையும் கட்டி, கூடையில மீனை அடுக்குற மாதிரி அடுக்குனோம். ரெண்டு செத்துப் போச்சு, அடியில மாட்டுனது. மொத நடையில ஒண்ணு கயிறை அறுத்துக்கிட்டு வியாகுலத்தோட கட்டைவெரலைத் துண்டா எடுத்துருச்சு. அவன் அந்த நாயைத் தூக்கித் தண்ணியில போட்டு, மேல வரவர துடுப்பால அமுக்கிக்கிட்டே இருந்தான். நான் வேற பக்கம் பாத்துக்கிட்டு எஞ்சினைப் பிடிச்சிருந்தேன்.

மூணாவது நடைக்கு முந்தி ஒரு பேச்சு வந்துச்சு. அவரவரு வீட்டு நாயை மறைச்சு வைக்கிறாகன்னு. ஜெனிட்டா வீட்டுக்கு எதித்த வீட்டுலயே ஒண்ணைக் கட்டிவச்சிருந்தாக. தொம்மை என்னைப் பாத்தாரு. ஊருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமான்னு எனக்கு ரோசம் வந்துருச்சு. மொத ஆளா என் வீட்டு நாயைக் கொண்டுபோறேன், அப்புறம் எவன் மறைக்கிறான்னு பாக்குறேன்னு சொன்னேன். கைதட்டுனாக. அன்னைக்கு மதியத்துக்குள்ள மிச்ச நாயி எல்லாம் வந்துருச்சு.

ஷீலாவை நான் கட்டவே இல்லை. கட்டணும்னு இல்லையே. கரையில நின்னு வள்ளத்தைத் தள்ளுனேன், அதுவாத் தாவி ஏறி முன்னணியத்துல உக்காந்துருச்சு. கட்டிப்போட்ட நாயி பதினாலு கீழ கெடந்து மொனகுது, இது மேல உக்காந்து காத்து வாங்கிக்கிட்டு வருது. திட்டுல எறங்குன உடனே அதுவும் எறங்குச்சு. நான் வள்ளத்தைப் பின்னுக்கு எடுத்தப்ப இடுப்பளவு தண்ணிக்கு வந்து நின்னு பாத்துச்சு. கத்தலை. நான் கூப்புடுவேன்னு நின்னுருக்கும்.

எல்லாமா முப்பத்தேழு நாயி. ஊரு நிம்மதியாச்சு. கிளாட்வின் வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான்.

தண்ணி கொண்டுபோறதா? பேச்சு அப்படித்தான். ஒவ்வொரு வீட்டுல இருந்தும் சோறு வாங்கணும், கேன் வாங்கணும், அதுக்கு ஒரு ஆளைப் போடணும். யாரும் போடலை. எனக்கும் காத்து சரியில்லை. தென்காத்து பிடிச்சிருச்சுன்னா அந்தத் திட்டுல வள்ளத்தைச் சேக்கவே முடியாது தம்பி. அந்த வாரம் பூரா நான் அதுக்கு மேக்கால வலை போட்டிருந்தேன், நல்ல நண்டு, ஒண்ணு ஒண்ணும் கால் கிலோ. திட்டு தூரத்துல தெரியும். கரையோரம் நெடுக நின்னுக்கிட்டு இருக்கும், என் எஞ்சின் சத்தம் கேட்டு. அப்புறம் அப்புறம் கொஞ்சம்தான் நின்னுச்சு. சாயங்காலமானா ஊளை ஊருக்கே கேட்கும். தொம்மை, ரெண்டு நாளுல சரியாப் போயிரும்னாரு. சரியாத்தான் போச்சு, பாதி.

பதினோராம் நாளு காலையில செங்கோலு மதுரையில இருந்து வந்தா. ஷீலா எங்கன்னு கேட்டா. சொன்னேன். நேரா வீட்டுக்குப் பின்னால போனா. அங்க கவுத்துப் போட்ட பழைய வள்ளம் ஒண்ணு கெடக்கு. அதுக்கு அடியில, அவ மதுரைக்குப் போறதுக்கு முந்தியே, ஷீலா நாலு குட்டி போட்டிருந்துச்சு. எனக்கு அந்த நினைப்பே இல்லை. ஆம்பளைக்கு அதெல்லாம் நினைப்புல நிக்குமா? நாலும் காஞ்சு ஒட்டிப்போயிக் கெடந்துச்சு, எறும்பு மொச்சுப் போயி. அவ கையாலயே குழி தோண்டிப் புதைச்சா. அப்புறம் அடுப்பைப் பத்தவச்சு ஒரு அண்டா சோறு வடிச்சா. மீனுத்தலையைப் போட்டுக் குழம்பாக் கரைச்சா. ரெண்டு கேன் தண்ணி பிடிச்சா. வள்ளத்தை எடுங்கன்னா.

எடுக்கமாட்டேன்னு எப்படிச் சொல்றது? எடுத்தேன். நாலாவது நடை. நானும் அவளும் மட்டும்தான். வியாகுலம் கையில கட்டோட வரமாட்டேன்னுட்டான்.

கிட்டப் போனப்ப நாத்தம் வந்துச்சு. கரையில எலும்பா கெடக்கு. நாயி எலும்பு. கட்டுன கயிறோட கெடக்குது தம்பி, காலுல. அவசரத்துல சிலதுக்கு அவுத்து விடாம வந்துட்டோம், வியாகுலம் வெரலு போன அன்னைக்கு. மத்ததுக அதைத்தான் மொதத் தின்னுருக்கு. மிச்சம் ஒரு பதினஞ்சு இருக்கும். கண்ணு எல்லாம் பீளை கட்டி, வாயெல்லாம் உப்புத்தண்ணி குடிச்சு வெந்து போயி. வள்ளத்தைப் பாத்த உடனே எல்லாம் தண்ணியில விழுந்து வந்துச்சுக. நீந்தி. செங்கோலு அண்டாவைச் சாய்ச்சு சோத்தை அள்ளி அள்ளி வீசுனா. சோறு தண்ணியில விழுது, அதுக்கு ஒண்ணை ஒண்ணு கடிச்சுக் கொதறுதுக. தண்ணி சிவந்து போச்சு. ஒண்ணு இன்னொண்ணு மேல ஏறி வள்ளத்துப் பக்கத்துல நகத்தைப் போடுது. இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் மூணு. சின்ன வள்ளம். சாஞ்சிருச்சுன்னா ரெண்டு பேரும் போயிருப்போம். நான் துடுப்பை எடுத்தேன். காலு மேல அடிச்சேன், மூக்கு மேல அடிச்சேன். பட்டுப் பட்டுன்னு எலும்பு ஒடியுற சத்தம் கேட்டுச்சு.

முன்னணியத்துல ஒண்ணு ரெண்டு காலையும் போட்டுத் தொங்குச்சு. தோலு உரிஞ்சு, ஒரு கண்ணு இல்லாம. நான் அதையும் அடிச்சேன். ரெண்டாவது அடிக்குத்தான் செங்கோலு "ஷீலா"ன்னா. அடையாளமே தெரியலை தம்பி. சத்தியமாத் தெரியலை. தெரிஞ்சிருந்தாலும் என்ன செய்ய, அதை ஏத்துனா பின்னாடி அத்தனையும் ஏறும். எஞ்சினைப் போட்டுத் திருப்பிட்டேன்.

கொஞ்ச தூரம் வந்தபெறகு பாத்தா, பின்னாலயே ஒரு தலை, ஒத்தைக் கண்ணோட. மத்ததெல்லாம் நின்னுருச்சு, இது மட்டும் நீந்தி வருது. செங்கோலு, நிறுத்துங்கன்னா. எப்படி நிறுத்த? மத்ததும் வந்துருமே. இன்னொருக்க, நிறுத்துங்கன்னா. நான் எஞ்சினைக் கூட்டுனேன். அவ சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டுக் கடல்ல குதிச்சுட்டா.

கடக்கரைப் பொம்பளைதான், நீந்துவா. இருந்தாலும் ஐம்பத்திரண்டு வயசு. வள்ளத்தைத் திருப்பிக் கிட்டப் போனேன். அவ அந்த நாயைக் கழுத்தோட கட்டிப் பிடிச்சிருக்கா. அது ரத்தத்தோட அவ தோளுல தலையை வச்சிருக்கு. மொத இதை ஏத்துங்கன்னு சொல்றா. எனக்குக் கோவமா பயமான்னு தெரியலை. அவ முடியைக் கொத்தாப் பிடிச்சேன். ஒத்தைக் கையால அவ கையைப் பிரிச்சேன். வெரலு ஒவ்வொண்ணாப் பிரிச்சேன். நாயைக் காலால ஒதைச்சுத் தள்ளுனேன். முங்குச்சு. ஒருக்க மேல வந்துச்சு. அப்புறம் வரலை. செங்கோலை உள்ள இழுத்துப் போட்டு, கரை வந்து சேர்ற வரைக்கும் ஒரு கையால அவளைப் பிடிச்சுக்கிட்டே வந்தேன். நான் மட்டும் இல்லைன்னா அன்னைக்கு அவ போயிருப்பா. இதைச் சொன்னா யாருன்னாலும் ஒத்துக்குவாக.

மறுநாளு காலையில உப்புப் பூத்த அதே சேலையோட வனத்துறை ஆபீசுக்குப் போயி எல்லாத்தையும் சொல்லிட்டா. போட்டுல வந்து பாத்தாக, படம் எடுத்தாக. கேசு ஆச்சு. யாரு மேலன்னா என் மேல. கமிட்டியில எழுத்துல எதுவும் இல்லையாம். ஊருக்கு வெளிய விடுங்கன்னுதான் சொன்னோம், திட்டுல விடச் சொல்லலைன்னு தொம்மை எழுதிக் குடுத்துட்டாரு. கைதட்டுன ஆளு ஒருத்தரும் வரலை. வியாகுலம்கூட, நான் கூலிக்குப் போனவன்னுட்டான். ஒண்ணரை வருசமா நான் மட்டும்தான் இந்த பஸ்ஸுல வந்து வந்து போறேன். ஊருல இப்ப எலி பெருத்துப் போயி வலையை எல்லாம் கடிக்குது. ஐஸ் கம்பெனிக்குக் காவலுக்குன்னு தொம்மை மண்டபம் டவுன்ல இருந்து ரெண்டு நாய்க்குட்டி வாங்கி வந்திருக்காரு. யாரும் கேட்கலை.

செங்கோலு வீட்டை விட்டுப் போகலை. சோறு ஆக்குனா, துணி தொவைச்சா, கேட்டதுக்குப் பதிலு சொன்னா. அதனால கூண்டுல ஏறுனா எனக்குப் பாத்துத்தான் பேசுவான்னு நினைச்சிருந்தேன். வக்கீலும் அப்படித்தான் சொன்னாரு. இன்னைக்குத்தான் ஏறுனா. முப்பத்தேழு நாயி, மூணு நடை, தேதி, எல்லாம் ஒப்பிச்சா. நாலாவது நடையையும் சொன்னா. என் வக்கீலு எந்திரிச்சு, தண்ணியில விழுந்த உங்களை உசுரைக் கொடுத்துக் காப்பாத்துனது உங்க வீட்டுக்காரருதானம்மான்னு கேட்டாரு. நல்ல கேள்விதான். அவ என்னைப் பாத்தா. ஒண்ணரை வருசத்துல அப்பத்தான் நேராப் பாத்தா.

"நான் முங்கவே இல்லையே ஐயா. அதைப் பிடிச்சுக்கிட்டு நான் கரைக்கே நீந்தியிருப்பேன்."

வக்கீலு உக்காந்துட்டாரு. ஜட்ஜம்மா என்னைக் கேட்டாக, குத்தத்தை ஒத்துக்கிறீகளான்னு. இல்லைன்னு சொல்லத்தான் சொல்லிக் குடுத்திருந்தாக. என்னமோ, ஆமான்னு வந்துருச்சு வாயில. அபராதம் போட்டு, கோர்ட்டு கலையிற வரைக்கும் உள்ளயே உக்காந்திருக்கணும்னு தீர்ப்பு. அஞ்சு மணி வரைக்கும் உக்காந்திருந்தேன். வெளிய வந்து பாத்தா வேப்பமரத்தடியில இருக்கா. ரெண்டு பஸ்ஸு போயிருச்சு, அவ போகலை. எனக்காகத்தான் இருந்திருக்கா, இல்லையா? வேற எதுக்கு இருக்கப் போறா? நான் வந்ததும் எந்திரிச்சு முன்னால நடந்தா. நான் பின்னால வந்தேன். இந்தா, இங்க வந்து உக்காந்திருக்கேன்.

பாலம் முடிஞ்சிருச்சு. அடுத்தது எங்க ஊருதான். நான் கெளம்புறேன் தம்பி. பேசுனது பாரம் கொறைஞ்ச மாதிரி இருக்கு.

செங்கோலு. ஏ செங்கோலு, ஊரு வந்துருச்சு.

காதுல விழலை போல. எந்திரிக்கலையே. கண்டக்டரு, ஒரு நிமிசம். அந்த அம்மா டிக்கெட்டு எதுவரைக்கும் எடுத்திருக்கு? கடைசி வரைக்குமா? அங்க ரயிலடி இருக்கு. தூத்துக்குடி மக வீட்டுக்குப் போறதுன்னா இந்தப் பக்கம் ஏன் வரணும்? அங்க யாரு இருக்கா அவளுக்கு?

எறங்குறேன், எறங்குறேன், விசிலடிக்காதீக.

தம்பி, நீங்க கடைசி வரைக்கும் போறேன்னீகள்ல. இந்தாங்க, இது வீட்டுச் சாவி. அவகிட்ட வேற சாவி கெடையாது. எறங்குறப்ப அவ கையில குடுத்துருங்க. எப்ப வந்தாலும் தெறந்துக்கிடட்டும். நான் வெளியதான் கெடக்குறேன்னு சொல்லுங்க.